படுத்தால் ஒளிந்துகொள்ளும் வலி

எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் அடிக்கடி என்னிடம் ஒரு கேள்வி கேட்கிறார்கள். "டீச்சர், அந்தப் பெரியாஸ்பத்திரியில உங்களுக்கு என்னதான் செஞ்சாங்க?" ஒவ்வொருத்திக்கும் பாதியைச் சொல்லிவிட்டு, மீதியை வெட்கப்பட்டு விழுங்கிவிடுகிறேன். அப்புறம், சொல்லாமல் விட்ட பாதிதான் அவளுக்கு வேண்டியிருந்ததோ என்று வேதனைப்படுகிறேன். அதனால் முழுவதையும் ஒரு தடவை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். எழுதுகிறபோது பயம் இல்லை. சொல்லப்போனால், அந்த நாட்களை நினைத்தால் இப்போது கொஞ்சம் ஏக்கமாகவே இருக்கிறது. ஆஸ்பத்திரியை நினைத்து ஏங்குவது சரியா என்றும் தெரியவில்லை.

அப்போது என் மூத்தவள் வசந்தாவுக்கு நாலு வயது. சின்னவள் மலருக்கு ஒன்றரை. எனக்கு இருபத்து நாலு. வட்டவளைக்குப் பக்கத்தில், மலைச்சரிவில் இருக்கும் எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நான் ஆசிரியை. என் கணவர் ஸ்டோரில், அதாவது தேயிலை ஆலையில், கொழுந்து வாட்டும் மாடியில் வேலை செய்தார். அவருடைய அம்மாவை நான் அத்தை என்று கூப்பிடுவேன். அத்தை மலையில் கொழுந்து பறிப்பவர். தொழிலாளர் வரிசை வீடான லயத்தின் கடைசி காம்பராவில், ஒரே அறையில், நாங்கள் ஐந்து பேரும் இருந்தோம்.

மலர் பிறந்து சில மாதங்களில் வலி தொடங்கியது. குத்தும் வலி அல்ல அது. கனம். அடிவயிற்றில், இடது பக்கம் சற்று அதிகமாக, நனைந்த சாக்கு ஒன்றை உள்ளே கட்டித் தொங்கவிட்டது மாதிரி. காலையில் எழும்போது ஒன்றும் இருக்காது. பள்ளிக்கூடம் என்பது ஒரே நீளக் கொட்டகை. ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர். ஒரு வகுப்புக்குக் கணக்கு போட்டுவிட்டு அடுத்த வகுப்புக்கு வாசிப்பு சொல்ல ஓட வேண்டும். மதியத்துக்குள் கனம் இறங்கிவிடும். பிள்ளைகள் வீட்டுக்குப் போகும் நேரத்தில் சுவரில் சாய்ந்துதான் நிற்பேன். மாதவிலக்குக்கு முந்திய வாரம் இன்னும் மோசம். கணவரோடு இருந்த மறுநாளும் மோசம். இதையும் எழுதத்தான் வேண்டும். எழுதாமல் விட்டால் இதைப் படிக்கிற எவளோ ஒருத்தி தனக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்துக்கொள்வாள்.

குளிக்கும்போது இன்னொன்றையும் கவனித்திருந்தேன். தொடையின் உட்பக்கத்தில், அதற்கும் மேலே மறைவிடம் வரைக்கும், நீலமாக நரம்புகள் முறுக்கிக்கொண்டு புடைத்திருந்தன. அதை யாரிடமும் சொல்லவில்லை. வலிக்கும் அதற்கும் தொடர்பு உண்டு என்று எனக்குத் தோன்றவும் இல்லை.

எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு நோவு என்றால், புருஷன்தான் டிஸ்பென்சரி ஜன்னலில் போய்ச் சொல்வது வழக்கம். பெண் இரண்டடி தள்ளி முக்காடு போட்டு நிற்பாள். என் கணவர் "வயித்துவலிங்கய்யா" என்பார். கழுத்துக்குக் கீழே, முழங்காலுக்கு மேலே எங்கே வலித்தாலும் எங்கள் ஆண்களுக்கு அது வயித்துவலிதான். டிஸ்பென்சரை எல்லோரும் டாக்டரய்யா என்றுதான் அழைப்போம். நல்ல மனிதர். காலையில், வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக் கலைந்து ஆட்கள் மலைக்குப் போன பிறகு ஜன்னலைத் திறப்பார். முதலில் ரோஸ் நிற மருந்துத் தண்ணீர் கொடுத்தார். பிறகு பூச்சி மருந்து. பிறகு விளக்கெண்ணெய். நாலாவது மாதம் என்னை உள்ளே கூப்பிட்டுப் பெஞ்சில் படுக்கவைத்து வயிற்றை அழுத்திப் பார்த்தார்.

"வலிக்குதா?"

"இல்லைங்கய்யா."

"இங்க?"

"இப்ப இல்லைங்கய்யா."

அவர் என் கணவரைப் பார்த்துச் சிரித்தார். "படிச்ச பொம்பளைங்களுக்கு யோசனை ஜாஸ்தி, தம்பி. நல்லா தூங்கச் சொல்லுங்க."

வீட்டுக்கு வந்ததும் அத்தை கேட்டார். நான் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, கேலியும் செய்யவில்லை. கூடைக் கயிற்றைச் சுருட்டியபடியே, "புள்ள பெத்தவளுக்கு இதெல்லாம் இருக்கறதுதான் தாயி. நெனைச்சா நோவு, மறந்தா இல்ல" என்றார்.

நான் எல்லோரையும் நம்பினேன். மறந்து பார்த்தேன். வலிக்கும்போதெல்லாம் நானே நினைத்து வரவழைக்கிறேனோ என்று என்னையே கேட்டுக்கொண்டேன். மாலையில் ஆம் என்று தோன்றும், காலையில் நிச்சயமாக ஆம் என்று தோன்றும், ஏனென்றால் காலையில் வலியே இருக்காது.

ஒரு நாள், கைப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்திலிருந்து மலரை அழைத்துக்கொண்டு வந்தேன். ஆயாவிடம் பகலெல்லாம் இருந்த பிள்ளை. பாதி வழியில் கையைத் தூக்கிக்கொண்டு நின்றுவிட்டாள். குனிந்தேன். தூக்க முடியவில்லை. மறுபடியும் குனிந்தேன். அடிவயிற்றுக் கனம் முழுவதும் ஒரேயடியாக இறங்கியது போலிருந்தது. பாதையோர வடிகாலான கான் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். பிள்ளை என் எதிரில் தூக்கிய கையை இறக்காமல் அழுதது. ஸ்டோரிலிருந்து வந்த என் கணவர் எங்களை அப்படித்தான் கண்டார். பிள்ளையை ஒரு தோளில் போட்டுக்கொண்டு, மறு கையால் என்னைப் பிடித்து வீட்டில் விட்டுவிட்டு, உடையையும் மாற்றாமல் டாக்டரய்யா வீட்டுக்குப் போய், பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பும் சீட்டை, நாங்கள் துண்டு என்போம், வாங்கிக்கொண்டுதான் திரும்பினார். அவர் அதிகம் பேசாதவர். அன்று அங்கே என்ன பேசினார் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

போவதற்கு முதல் நாள் அத்தை என்னை ஒரு வேலையும் செய்யவிடவில்லை. "பெரியாஸ்பத்திரிக்குப் போறவ, இன்னிக்காவது படுத்துக்க" என்று கம்பளியைப் போர்த்திவிட்டார். மலையிலிருந்து வந்த களைப்போடு, தண்ணீர் சுடவைத்து என் தலையை அவரே அலசிவிட்டார். அந்த அன்புதான் அடுத்த பத்து நாளும் என்னைச் சிக்கலில் மாட்டிவிட்டது என்பது அப்போது யாருக்குத் தெரியும்?

வட்டவளையில் ரயிலேறி நானுஓயாவில் இறங்கி, பஸ் பிடித்துப் போனோம். ரயிலிலும் உட்கார்ந்தே போனேன். அரசாங்க ஆஸ்பத்திரியின் நீள விறாந்தையில் பெஞ்சுகள். துண்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். என் முறை வந்தபோது என்னிடம் வலி என்று ஒன்று துளியும் இல்லை. பரீட்சைக்குப் போய் எல்லாம் மறந்துபோன பிள்ளை மாதிரி விழித்தேன்.

இளம் டாக்டர் ஒருவர், சிங்களவர், தமிழில் நாலைந்து சொல் தெரிந்தவர், படுக்கவைத்துப் பார்த்தார். "வலி?" என்றார். "இல்லை" என்றேன். "அப்போ ஏன் வந்த?" என்றார். கோபமாக அல்ல, புரியாமல்தான் கேட்டார். நல்லவேளை, துண்டில் டாக்டரய்யா நாலு வரி அழுத்தமாக எழுதியிருந்தார் போலிருக்கிறது. "சரி, டெஸ்ட் எல்லாம் பார்ப்போம்" என்று வாட்டில் சேர்த்துக்கொண்டார்கள்.

அந்த வாட்டை இப்போதும் கண்ணை மூடினால் பார்க்கலாம். இரண்டு வரிசையில் இருபது கட்டில். சிவப்புக் கம்பளிகள். உயரமான ஜன்னல்கள் வழியே விடிந்ததும் பனிமூட்டம் உள்ளே எட்டிப் பார்க்கும். பெரிய கேத்தலில் தேத்தண்ணி வரும். ஊற்றும்போது ஆவியில் ஊற்றுபவளின் முகமே மறையும். டெட்டோல் வாசனையும் தேயிலை வாசனையும் கலந்த அந்தக் காற்றை வேறெங்கும் நான் முகர்ந்ததில்லை. கலியாணமான பிறகு, சூடான தேத்தண்ணியை ஒருவர் கொண்டுவந்து கொடுக்க, நான் உட்கார்ந்து குடித்தது அங்கேதான். இரண்டு பிள்ளைகளை விட்டுவிட்டு வந்த தாய் இதில் சந்தோஷப்படலாமா என்று ஒவ்வொரு கோப்பையிலும் குற்றவுணர்வு இருந்தது. ஆனாலும் குடித்தேன்.

சோதனைகள் நடந்தன. விரலில் குத்தி இரத்தம் எடுத்தார்கள்: இரத்தம் கொஞ்சம் குறைவு, மலைநாட்டில் யாருக்குத்தான் குறைவில்லை. சிறுநீர் பார்த்தார்கள், மலத்தில் பூச்சி பார்த்தார்கள், எக்ஸ்ரே பிடித்தார்கள். எக்ஸ்ரே அறையில் இருட்டும் குளிரும். அந்தக் கண்ணாடித் தகட்டில் என் பிள்ளைகளுக்குத் தாய் இல்லாமல் போகிற செய்தி எழுதியிருக்கும் என்று நினைத்து நடுங்கினேன். ஒன்றும் இல்லை என்றார்கள். அப்பாடா என்று இருந்தது. ஒன்றும் இல்லை என்றால் நான் பொய்யா என்ற எண்ணமும் உடனே வந்தது. இரண்டும் ஒன்றாக வருவதை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

வாட்டில் எனக்கு எழுதப்படிக்கத் தெரியும் என்பது ஒரே நாளில் பரவிவிட்டது. பகலில் ஒவ்வொரு கட்டிலாகக் கூப்பிட்டுக் கடிதம் எழுதச் சொன்னார்கள். புருஷனுக்கு, மகனுக்கு, இந்தியாவில் இருக்கிற அண்ணனுக்கு. "ஆடு குட்டி போட்டுச்சான்னு கேளுங்க டீச்சரம்மா." "அந்தச் சிறுக்கி எங் காம்பராவுக்கு வந்துட்டுப் போறாளான்னு கேளுங்க. வேணாம், அத அடிச்சிடுங்க. இல்ல, எழுதுங்க." பக்கத்துக் கட்டில் பேச்சியம்மாவுக்கு மட்டும் கடிதம் எழுத ஆளில்லை, அவருக்கு மற்றவர்கள் கடிதத்தில் திருத்தம் சொல்வதே வேலை.

பேச்சியம்மா இறம்பொடைப் பக்கத்துத் தோட்டம். நாற்பது வயது இருக்கும். கணுக்காலுக்கு மேலே ஆறாத புண் ஒன்று. மூன்று வருஷமாக இருக்கிறதாம். தினமும் மிஸி, அதாவது நர்ஸ், வந்து கட்டு மாற்றுவார். வாய் மட்டும் ஒரு நிமிஷம் சும்மா இருக்காது.

"டீச்சரம்மா, நீங்க என்ன கல்யாணப் பொண்ணா? ஒக்காந்து எழுதுறீங்க, அப்பறம் படுத்துக்கிறீங்க. எந்த நோவுக்குத்தான் வந்தீங்க?"

"தெரியலக்கா. அதத்தான் அவங்களும் தேடுறாங்க."

"தேடட்டும் தேடட்டும். சோறு நல்லாத்தான இருக்கு."

ஞாயிற்றுக்கிழமை என் கணவர் வந்தார். துணியில் ரொட்டியும் சம்பலும் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். ரொட்டி ஒரு பக்கம் கருகி, மறுபக்கம் வெந்திருக்கவில்லை. அவரே சுட்டதாம்.

"புள்ளைங்க?"

"இருக்குதுங்க. சின்னது ராவுல எங்கம்மாகிட்ட படுத்துக்குது."

"தண்ணி?"

"நான்தான் எடுக்கிறேன்." மலையூற்றுக் குழாயான பீலியிலிருந்து குடத்தில் தண்ணீர் பிடித்துச் சுமப்பது எங்கள் லயத்தில் பெண்கள் வேலை. அவர் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். "பீலிக்கரையில எல்லாம் கேக்குறாளுக, 'என்ன தம்பி, எப்ப சமைஞ்சீங்க'ன்னு."

பேச்சியம்மா கம்பளிக்குள்ளிருந்து குலுங்கிச் சிரிப்பது கேட்டது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் வந்தது. அந்தக் கருகிய ரொட்டியை அன்று முழுவதும் தின்றேன்.

செவ்வாய்க்கிழமை இளம் டாக்டர் கட்டிலருகே நின்று பதிவைப் புரட்டினார். எனக்கு ஆங்கிலம் தெரியும் என்று மிஸி சொல்லியிருந்ததால் ஆங்கிலத்திலேயே பேசினார். எல்லாச் சோதனையும் சரியாக இருக்கிறது. வெள்ளிக்கிழமை கண்டியிலிருந்து பெண்கள் நோய்க்கான பெரிய டாக்டர் ரவுண்டுக்கு வருவார். அவரும் பார்த்து ஒன்றுமில்லை என்றால் சனிக்கிழமை வீட்டுக்குப் போகத் துண்டு வெட்டிவிடுவோம் என்றார்.

அந்தத் துண்டில் 'நோய் எதுவும் இல்லை' என்று எழுதுவார்கள். அது நேராக டாக்டரய்யாவிடம் போகும். அதற்குப் பிறகு இன்னொரு முறை பெரியாஸ்பத்திரிக்குத் துண்டு கேட்க என் கணவருக்கு வாய் வராது, கேட்டாலும் கிடைக்காது. அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. அந்தத் துண்டைப் பார்த்தால் நானே அதை நம்பிவிடுவேன். மலர் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பாள், நான் கான் ஓரத்தில் உட்கார்ந்திருப்பேன், எனக்கு நோய் எதுவும் இல்லை.

புதன்கிழமை குளிக்க வெந்நீர் கொடுத்தார்கள். இருபது பேருக்கு ஒரு அடுப்பு. வரிசையில் வெகுநேரம் நின்றேன். பிறகு நடக்க முடியாத கிழவி ஒருத்திக்காக வாளியைத் தூக்கிக்கொண்டு இரண்டு தரம் நடந்தேன். சாயங்காலம் கட்டிலுக்கு வந்தபோது பழைய கனம் இறங்கியிருந்தது. ஒரு வாரமாகக் காணாதது. கையை அடிவயிற்றில் அழுத்திக்கொண்டு கட்டில் கம்பியைப் பிடித்து நின்றேன்.

பேச்சியம்மா பார்த்துக்கொண்டே இருந்தார். "இதுவா?"

தலையாட்டினேன்.

"எங்க? வயித்துலயா?"

சுற்றிலும் பார்த்துவிட்டு, "கீழக்கா" என்றேன். நீல நரம்புகளைப் பற்றியும் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. அம்மாவிடம்கூடச் சொல்லாததை.

அவர் மெதுவாகத் தன் காலைக் கம்பளிக்கு வெளியே எடுத்தார். கட்டுக்கு மேலே முழங்கால் வரைக்கும் முடிச்சு முடிச்சாக நீலம். "இந்த மாதிரியா?"

"இந்த மாதிரிதான்."

"அடி பாவி மகளே!" என்றார், மரியாதை எல்லாம் போய்விட்டது. "எங் கால காலைல பாத்தா கொமரிப் புள்ள கால் மாதிரி இருக்கும். கொழுந்து நிறுக்கிற நேரத்துக்கு ஒரல் மாதிரி ஆயிரும். நின்னாத்தான் எறங்கும். நீ ராவெல்லாம் படுத்துக்கெடந்துட்டு, விடிஞ்சதும் படுத்த மேனிக்கே காட்டுனா டாக்டரு என்னத்தப் பாப்பாரு? கூரையவா?"

டிஸ்பென்சரிக்கு நான் போனது எப்போதும் காலையில். வருவதற்கு முதல் நாள் அத்தை என்னைப் படுக்கவைத்தார். ரயிலில் உட்கார்ந்து வந்தேன். இங்கே ஒரு வாரமாகப் படுக்கை. வாட்டு ரவுண்டு வேறு: டாக்டர் வரும்போது எல்லா நோயாளிகளும் கட்டிலில் நேராகப் படுத்து, கம்பளியை நெஞ்சுவரை இழுத்து, இரண்டு கையையும் வெளியே வைத்திருக்க வேண்டும். அது அங்கே சட்டம். நான் சட்டத்தை ஒருநாளும் மீறாதவள். எல்லோரையும்விட நேராகப் படுத்திருந்தவள் நான்தான்.

"வெள்ளிக்கிழமை காலைல எந்திரிச்சதுலேருந்து நில்லு" என்றார் பேச்சியம்மா. "பெரிய டாக்டரு வர்ற வரைக்கும் ஒக்காரக்கூடக் கூடாது."

வியாழக்கிழமை முழுவதும் அதையே யோசித்தேன். வலியை வேண்டுமென்று வரவழைத்துக் காட்டுவது பொய்யல்லவா? பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை அப்படிச் செய்தால் நானே திட்டுவேனே? பேச்சியம்மாவிடம் கேட்டேன்.

"வீட்டுல நீங்க நிக்கிறதே இல்லையா?" என்றார். மரியாதை திரும்பி வந்திருந்தது.

"நாள் முழுக்க நிப்பேன்."

"அதத்தான இங்கயும் நிக்கப் போறீங்க. இதுல பொய் எங்கருந்து வந்துச்சு? படுத்துக்கெடக்கீங்களே, இதுதான் டீச்சரம்மா பொய்யி."

வெள்ளிக்கிழமை கேத்தல் வரும் முன்பே எழுந்தேன். தேத்தண்ணியை நின்றே குடித்தேன். விறாந்தையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தேன். மூன்றாம் கட்டிலில் காய்ச்சலோடு கிடந்த பெண்ணின் கைப்பிள்ளை அழுதது. அதை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். மலரின் கனம்தான் இருந்தது. அதன் தலைமுடி வாசனையில் எனக்குக் கண் கலங்கியது. பிள்ளையோடு நடந்தேன், நின்றேன், கழுவிய பாத்திரங்களை அடுக்கிக் கொடுத்தேன். மிஸி இரண்டு தடவை வியப்பாகப் பார்த்தார். பத்து மணி வாக்கில் கனம் தொடங்கியது. ஒன்பது மாதமாக வராதே வராதே என்று வேண்டிய வலியை, வா வா என்று கூப்பிட்டுக்கொண்டு நின்றேன். அது வந்தது. வழக்கத்தைவிட நன்றாகவே வந்தது.

வாசலில் அட்டெண்டன் சோமாவதி கைதட்டினாள். "லொக்கு மஹத்தயா எனவா! ஒக்கோம நிதாகன்ன!" பெரிய ஐயா வருகிறார், எல்லோரும் படுங்கள் என்று அர்த்தம். இருபது கம்பளிகளும் ஒரே நேரத்தில் நெஞ்சுவரை ஏறின. என் கால்கள் கட்டிலை நோக்கித் தாமாகவே போயின. இத்தனை வருஷம் சொன்னபடி கேட்டுப் பழகிய கால்கள்.

"படுத்தீங்க, கொன்னுருவேன்" என்றது பக்கத்துக் கம்பளி.

சோமாவதி ஓடிவந்து என் தோளைப் பிடித்து அழுத்தினாள். மிஸி கண்ணாலேயே மிரட்டினார். நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அதற்குள் அவர்கள் வந்துவிட்டார்கள்: முன்னால் பெரிய டாக்டர், நரைத்த தலை, பின்னால் இளம் டாக்டர்.

"இந்த நோயாளி ஏன் படுக்கவில்லை?" என்று பெரிய டாக்டர் ஆங்கிலத்தில் மிஸியைக் கேட்டார்.

மிஸி வாயைத் திறக்கும் முன், என் குரல் கேட்டது. பள்ளிக்கூடத்தில் படித்த ஆங்கிலம் அத்தனையும் கூட்டிச் சொன்னேன். "ஐயா, படுத்தால் என் வலி போய்விடுகிறது. நின்றால்தான் இருக்கிறது. இவ்வளவு நாளும் படுத்திருக்கும்போதுதான் எல்லோரும் பார்த்தார்கள். தயவுசெய்து என்னை நிற்கவைத்துப் பாருங்கள். வலி வயிற்றில் இல்லை. அதற்குக் கீழே."

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு, "திரை" என்றார்.

திரை போட்டார்கள். மிஸி பக்கத்தில் நின்று என் கையைப் பிடித்துக்கொண்டார். பெரிய டாக்டர் என்னை நின்ற நிலையிலேயே பார்த்தார். எனக்கு வெட்கத்தில் உயிர் போனது, கூரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். "பிள்ளைகள் எத்தனை? எந்தப் பேறுக்குப் பிறகு? சாயங்காலம் அதிகமா? விலக்குக்கு முன் அதிகமா? கணவனோடு இருந்தால் அதிகமா?" அவர் கேட்கக் கேட்க எனக்குப் புல்லரித்தது. யாரும் சொல்லாமலே என் வீட்டுக்குள் நடப்பதைப் பார்த்தவர் மாதிரி கேட்டார். எல்லாவற்றுக்கும் ஆம் என்றேன். பிறகு என்னைப் படுக்கச் சொல்லி, மிஸியிடம் என் கால்களை உயர்த்திப் பிடிக்கச் சொன்னார். புடைத்திருந்த நரம்புகள் இளம் டாக்டரின் கண் முன்னாலேயே வடிந்து தட்டையாகிவிட்டன.

பெரிய டாக்டர் இளையவரைப் பார்த்துச் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "நோய்க்கு ஓய்வு கொடுத்துப் படுக்கவைத்துவிட்டு, நோய் எங்கே என்று தேடியிருக்கிறோம்."

அப்புறம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து எனக்கு விளக்கினார். நாம் நரம்பு என்று சொல்கிறோமே, அது நரம்பு அல்ல. இரத்தம் இதயத்துக்குத் திரும்பிப் போகிற குழாய். கீழேயிருந்து மேலே ஏற வேண்டிய இரத்தம் மறுபடியும் இறங்காமலிருக்க, அந்தக் குழாய்களுக்குள் ஒரு பக்கம் மட்டும் திறக்கிற சின்னக் கதவுகள் இருக்கின்றன. கர்ப்பம் வந்தால் கருப்பையைச் சுற்றியுள்ள குழாய்கள் பல மடங்கு விரிகின்றன. பிள்ளை பிறந்த பிறகு பெரும்பாலோருக்குச் சுருங்கிவிடும். சிலருக்குச் சுருங்குவதில்லை, கதவுகளும் ஒழுங்காக மூடுவதில்லை. நின்றால் இரத்தம் அங்கேயே இறங்கித் தேங்கும். அந்தத் தேக்கம்தான் கனம், அதுதான் வலி. வெளியே தெரிகிற நீலம் கொஞ்சம், உள்ளே இருப்பது அதிகம். இரத்தச் சோதனையிலோ சாதாரண எக்ஸ்ரேயிலோ அது தெரியாது.

"உயிருக்கு ஆபத்தா ஐயா?"

"இல்லை."

"என் கற்பனையா ஐயா?"

அவர் சிரிக்கவில்லை. "கற்பனைக்கு நீல நிறம் வராது, அம்மா" என்றார்.

திரையை எடுத்தபோது நான் அழுதுகொண்டிருந்தேன். பேச்சியம்மா பதறிப்போய் எழுந்து உட்கார்ந்துவிட்டார். அவரையும் சோமாவதி படுக்கச் சொல்லிக் கத்தினாள். விஷயத்தைக் கேட்டதும் அவர், "எல்லாரும் உங்களையே கெட்டிக்காரிங்கிறாங்க. சொல்லிக்குடுத்தவளுக்கு ஒரு தேத்தண்ணிகூடக் கெடையாது" என்று முறைத்தார். அன்று என் தேத்தண்ணியையும் அவர்தான் குடித்தார்.

இன்னும் இரண்டு வாரம் இருந்தேன். அந்த இரண்டு வாரம்தான் எனக்குப் பிடித்த ஆஸ்பத்திரி. கட்டிலின் கால்மாட்டுக்கு இரண்டு செங்கல் வைத்து உயர்த்தினார்கள். வெளியே புடைத்திருந்த குழாய்களில் ஊசியால் மருந்து ஏற்றினார்கள். எரியும், பிறகு அவை கெட்டியாகி மெல்ல அமுங்கிவிடும். தொடைவரை அழுத்தக் கட்டு. அடிவயிற்றைக் கீழிருந்து தாங்கிப் பிடிக்கிற பட்டி ஒன்றைத் தடித்த துணியில் தைத்துக் கொடுத்தார்கள். முழங்காலும் நெஞ்சும் படுக்கையில் படும்படி குப்புறக் கவிழ்ந்து, இடுப்பை உயர்த்திக் கொஞ்ச நேரம் இருக்கப் பழக்கினார்கள். பேச்சியம்மா பார்த்துச் சிரித்துச் சிரித்துத் தானும் செய்து பார்த்தார். இரத்தத்துக்கு இரும்பு மருந்து. உள்ளேயுள்ள குழாயைக் கட்டிவிடும் ஆபரேஷனும் உண்டு. கருப்பையையே எடுத்துவிடுவதும் உண்டு. அதற்கு அவசரம் வேண்டாம், முதலில் ஒரு வருஷம் இப்படி இருந்து பார் என்றார் பெரிய டாக்டர். மறுபடி கர்ப்பமானால் கூடலாம் என்றும் எச்சரித்தார். முழுக்கப் போகாது, ஆனால் உன் கட்டுக்குள் இருக்கும் என்றார்.

அப்படித்தான் ஆயிற்று. ஆபரேஷன் வேண்டியிருக்கவில்லை. வீட்டில் படுக்கைக்குக் கால்மாட்டில் செங்கல். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு காலை உயர்த்திப் படுப்பேன். வகுப்பில் ஒரு நாற்காலி. 'டீச்சர் உட்கார்ந்து படிப்பிக்கிறாள்' என்று பேசினார்கள். நான் இரண்டு வாரம் வெட்கப்பட்டு, பிறகு விட்டுவிட்டேன். தண்ணீர்க் குடம் இன்றைக்கும் என் கணவர்தான். நாலு மாதம் கழித்து மலரை ஒரு சாயங்காலம் தூக்கினேன். அதற்குள் அவள் ஓடப் பழகிவிட்டிருந்தாள். இடுப்பில் ஒரு நிமிஷம்கூடத் தங்கவில்லை.

பேச்சியம்மா எனக்கு முன்பே வீட்டுக்குப் போய்விட்டார், புண் முக்கால்வாசி ஆறியிருந்தது. அவருக்குக் கடிதம் எழுதினால் யார் வாசித்துக் காட்டுவார்கள் என்று யோசித்து யோசித்தே நான் எழுதாமல் இருந்துவிட்டேன். அது என் தவறு.

இன்னொன்றைச் சொல்லி முடிக்கிறேன். நான் வீட்டுக்கு வந்த சில வாரம் கழித்து, ஒருநாள் சாயங்காலம் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்த அத்தை, கூடையைக்கூட இறக்காமல் கதவைச் சாத்தினார். இடுப்பில் சுற்றியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்துப் போட்டுவிட்டு, சேலையை முழங்காலுக்கு மேலே உயர்த்தினார்.

"பாரு தாயி. இதுதானா அது?"

பார்த்தேன். எனக்கிருந்ததைவிட இரண்டு மடங்கு. ஆறு பிள்ளை பெற்றவர், முப்பது வருஷம் மலையில் நின்றவர்.

"வலிக்குமா அத்தை?"

"வலிக்கும்" என்றார். அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து நான் அதற்கு முன் கேட்டதில்லை. சொல்லிவிட்டு, தப்பாக ஏதோ சொல்லிவிட்டவர் மாதிரி என்னைப் பார்த்தார்.

அவரை உட்காரவிடவில்லை. அப்படியே கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனேன். டிஸ்பென்சரியில் டாக்டரய்யா அன்றைய வேலை முடிந்து ஜன்னலைச் சாத்திக்கொண்டிருந்தார்.

"யாருக்கு, டீச்சர்? நேரமாச்சு. காலைல கூட்டிட்டு வாங்க, ஆறுதலாப் பாப்போம்."

அத்தை என் முந்தானையைப் பிடித்து இழுத்தார். "வா தாயி, போவோம். காலைல வருவோம். எனக்கு ஒண்ணுமில்ல."

"காலைல ஒண்ணும் இருக்காதுங்கய்யா" என்றேன். "இப்பத்தான் பாக்கணும். அவங்க நின்னுக்கிட்டு இருக்காங்க."

டாக்டரய்யா எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு பாதி சாத்திய ஜன்னலை அப்படியே விட்டுவிட்டு, சுற்றிவந்து கதவைத் திறந்தார்.